அப்பா அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனை: முதல் நாளே என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

சோமனூர் மகள் | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோவையில் ஒரு மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைக்குப் பதிவு செய்திருக்கிறேன். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வியாழன் இரவு பஸ் ஏறி வெள்ளி காலையில் ஊருக்கு வந்துவிடுவேன்.

அப்பாவுக்கு 58 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். 9 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, 4 வருடமாக ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. காலையில் சாப்பிடுவதற்கு முன் ஒரு சர்க்கரை மாத்திரை போடுகிறார், க்ளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் ஒன்று. அம்மாவுக்கு 49. என்னைப் பெற்ற பிறகு எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் "10 மணி நேரம் வெறும் வயிற்றில் வரவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் குடிக்கலாமா? அப்பா மாத்திரையை என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒருநாள் தறி நிறுத்தம், இரண்டு பேருக்குமாக 7,000 ரூபாய்க்கு மேல் செலவு. முன்னேற்பாடு இல்லாமல் போய் அது வீணாகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பஞ்சாலை நண்பன் | திங்கள், இரவு 10.15

12 மணி நேரம் எதுவுமே வாயில் படக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூட. எங்கள் மில்லில் வருடா வருடம் எடுக்கும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

ஆய்வகத் தம்பி | திங்கள், இரவு 11.05

நண்பரே, மன்னிக்கவும், தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். 14 வருடமாக ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்களுக்கு நரம்பு கிடைக்காது. இரண்டு மூன்று முறை குத்த வேண்டியிருக்கும், அவர்களுக்கும் வேதனை. போதாததற்கு உடம்பில் நீர் குறைந்தால் யூரியா போன்ற சில அளவுகள் ஏறியும் தெரியும். வெறும் தண்ணீர்தான் ஆகும். எலுமிச்சைச் சாறு, இளநீர், சர்க்கரை போடாத காபி எதுவும் வேண்டாம். "கடுங்காபிதானே, பால்கூட இல்லையே" என்று தினமும் பத்துப் பேராவது சொல்கிறார்கள். காபியில் உள்ள காஃபின் சிலருக்குச் சர்க்கரை அளவை மாற்றும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றிக் காட்டும்.

சகோதரி, அப்பாவும் அம்மாவும் வெள்ளி இரவு எட்டரைக்குள் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிக்கட்டும். சனி காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தால் பத்தரை மணி நேரம் ஆகிவிடும், அது போதும். இன்னும் நல்லது என்று 15, 16 மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டாம், அதிலும் சில அளவுகள் மாறும். கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் 2016-லேயே சொல்லிவிட்டன. ஆனாலும் பாக்கேஜில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் வயிற்று ஸ்கேனும் இருக்கும், அந்த இரண்டுக்கும் வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தால் ஸ்கேனில் சரியாகத் தெரியாது.

அப்பா மாத்திரை விஷயத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரத்தம் எடுத்து, ஸ்கேனும் முடிந்து, இட்லி தட்டு முன்னால் வந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும். ரத்த அழுத்த மாத்திரை பொதுவாக வழக்கம்போல் ஒரு வாய் தண்ணீரில் போடலாம். பாக்கேஜில் ட்ரெட்மில் பரிசோதனை இருந்தால் மட்டும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அட்டெனலால், மெட்டோப்ரொலால் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது, அதனால் சில மருத்துவர்கள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் சர்க்கரைக்கு 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. சாப்பிட்டுக் கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. அப்பா வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவைத்தான் சாப்பிட வேண்டும். பரிசோதனை நாளாயிற்றே என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் அன்றைய சர்க்கரை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், மருத்துவர் அதை நம்பி மருந்தைத் தீர்மானிப்பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய், காலை 6.20

தம்பி சொன்ன மாத்திரை விஷயத்தைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. நான் பட்டவன்.

மூன்று வருடத்துக்கு முன்பு நானும் இப்படி ஒரு பரிசோதனைக்குப் போனேன். எந்த இடம் என்பது வேண்டாம். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் பழக்கதோஷத்தில் க்ளைமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு ரத்தம் எடுத்துவிடுவார்கள், அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அன்றைக்குக் கூட்டம், டோக்கன் எண் 64. ஒன்பதேகால் இருக்கும், கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் குழறியதைப் பார்த்துப் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். ஒரு செவிலிப் பெண் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அந்தப் பெண் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்பாவின் சட்டைப் பையில் நான்கு மிட்டாயோ ஒரு பொட்டலம் சர்க்கரையோ கட்டாயம் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் பரிசோதனை கெட்டுவிடுமே என்று பார்க்காமல் உடனே வாயில் போட வேண்டும். பரிசோதனையை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் "இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வெறும் வயிற்றில் இருக்கிறார், முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள்" என்று கேள். பல இடங்களில் முன்னுரிமை தருவார்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சோமனூர் மகள் | செவ்வாய், இரவு 8.30

ஐயா, படித்ததும் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் மாத்திரை டப்பா என் கையில்தான் இருக்கும். தம்பிக்கும் நன்றி.

இப்போது பிரச்சினை அம்மா. "எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. சும்மா இருக்கிற உடம்பைக் கொண்டுபோய்க் காட்டினா எதையாவது ஒண்ணைச் சொல்லிருவாங்க. அப்பாவை மட்டும் கூட்டிட்டுப் போ" என்கிறார். ஊசி பயமும் உண்டு. அதோடு எக்ஸ்ரே எடுக்கத் தாலியைக் கழற்றச் சொல்வார்களாமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டாராம். அதுதான் பெரிய தடையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வார்டு அக்கா | புதன், காலை 5.45

இரவுப் பணி முடிந்து எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தாலி விஷயம் எளிதாகத் தீரும். நெஞ்சு எக்ஸ்ரேயில் உலோகம் நிழலாக விழும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். எங்கள் மருத்துவமனைக்கு வரும் அம்மாக்கள் பலரும் முதல் நாளே கொடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கயிறும் மஞ்சளும் படத்துக்கு இடைஞ்சல் இல்லை. கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்ற மனக்கஷ்டமும் அவர்களுக்கு இல்லை, நகையை யாரிடம் கொடுத்துவைப்பது என்ற கவலையும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல், முகம் மாறும் பார்.

ஊசி பயத்துக்கு, ரத்தம் எடுப்பவரிடம் முன்பே "மயக்கம் வரும்" என்று சொன்னால் படுக்க வைத்து எடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடுத்து முடித்ததும் கையை மடக்காமல் நீட்டியபடியே பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல், மடக்கினால்தான் நீலம் பாய்கிறது. கை இறுக்கமான ரவிக்கை வேண்டாம். மேலே ஏற்றவும் முடியாது, ரத்த அழுத்தப் பட்டையும் துணிமேல்தான் கட்ட வேண்டிவரும்.

அம்மாவுக்கு மாதவிலக்கு இன்னும் வருகிறதா என்று கேள். சனிக்கிழமை அந்த நாட்களாக இருந்தால் சிறுநீரில் ரத்தம் கலந்து ரிப்போர்ட் குழப்பும், கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்ய முடியாது. அந்த இரண்டையும் வேறு நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம். கருப்பைவாய்க்கு எடுப்பதாக இருந்தால் அதற்கு முந்தைய 2 நாட்கள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். மார்பகத்துக்கு மேமோகிராம் இருந்தால் அன்று அக்குளில் பவுடரோ சென்ட்டோ போட வேண்டாம், சிலவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே தெரியும்.

இன்னொன்று, வரிசை. முதலில் ரத்தம். அடுத்து சிறுநீர் சாம்பிள், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அதன்பிறகு நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்து ஸ்கேன். நிறையப் பேர் ஸ்கேனுக்கு என்று தண்ணீரைக் குடித்து நிரப்பி, அப்புறம் சாம்பிள் கேட்டதும் முழுவதையும் கழித்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். வயிறு காய்ந்து கிடக்கும் நேரத்தில் அது பெரிய கொடுமை.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மாவோடு தனியாக உட்கார். "உடம்பு எப்படி இருக்கு" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது, எத்தனை துணி மாற்றுகிறார்கள், கட்டி கட்டியாகப் போகிறதா, வெள்ளை படுகிறதா, தும்மும்போது சிறுநீர் கசிகிறதா, மார்பில் எதையாவது தொட்டுப் பார்த்தார்களா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். 20 வருடமாக யாரும் கேட்காததால் சொல்லாமல் இருப்பார்கள். பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போ. மருத்துவர் அறையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அம்மா வாய் திறக்க மாட்டார்.

கணக்கு நோட்டு | புதன், காலை 10.10

செலவு பற்றிச் சொன்னதால் ஒரு தகவல். நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக் கழிவுக்கான பிரிவில் (1961 சட்டத்தில் 80டி), நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவுக்கு வருடம் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பெற்றோருக்குச் செய்ததும் சேரும். அது அந்தப் பிரிவின் மொத்த வரம்புக்குள்தான் அடங்கும், தனியாகக் கூடுதல் இல்லை. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் ஏற்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புதிய வரி முறையில் இது கிடையாது.

ஞாயிறு ஓட்டக்காரன் | புதன், மதியம் 1.40

எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், பெரிய பாக்கேஜாக எடுத்துவிடுங்கள். இன்னும் 1,500 ரூபாய் போட்டால் 90 பரிசோதனைகள், புற்றுநோய் குறியீடுகளும் சேர்த்துத் தருகிறார்கள். பெற்றோருக்குச் செய்வதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஆய்வகத் தம்பி | புதன், இரவு 10.50

அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த 90 என்ற எண்ணிக்கை எப்படி வருகிறது என்று உள்ளே இருப்பவனாகச் சொல்ல வேண்டும். ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்று, ஊதா மூடிக் குழாயில் ஒரே தடவை இயந்திரத்தில் வைக்கிறோம். அதில் ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு என்று 20-க்கு மேல் எண்கள் வரும். அதை 20 பரிசோதனை என்று போடுகிறார்கள். கல்லீரலுக்குப் பத்து, கொழுப்புக்கு ஏழெட்டு, சிறுநீருக்குப் பதினைந்து. ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்து வரும் விகிதமும் தனிப் பரிசோதனைதான். ஆக எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்.

புற்றுநோய் குறியீடுகள் பற்றி எனக்கு மனவருத்தமே உண்டு. சூலகப் புற்றுநோய்க்கு என்று பார்க்கும் சிஏ 125 கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு வெளியே வளர்வது), சாதாரண மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுப் பரிசோதனையாக அதைச் செய்யப் பரிந்துரை இல்லை. ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை. சகோதரியின் அம்மாவுக்கு அந்த 1,500 ரூபாயில் கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்தால் அதுதான் பயன்.

அப்பாவுக்குப் பாக்கேஜில் பெரும்பாலும் விடுபடுகிற இரண்டு இருக்கின்றன. சிறுநீரில் நுண்ணளவு அல்புமின் (சிறுநீரகம் கசியவிடும் புரதம்), கண் விழித்திரைப் பரிசோதனை. 9 வருடச் சர்க்கரைக்கு இவை வருடாவருடம் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தறியில் நாள் முழுக்க நிற்கிற கால்.

இன்னொன்று மறந்துவிட்டேன். முடி உதிர்வதற்கு என்று யாராவது பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்களா? 5 மி.கி., 10 மி.கி. என்று கடையில் கேட்டதும் தருகிறார்கள். அது சில இயந்திரங்களில் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். இதய நோய்க்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூடத் தப்பாகும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். யாரும் அதை மாத்திரை என்று நினைத்துச் சொல்வதில்லை. சித்த மருந்து, லேகியம், பக்கத்து வீட்டில் கொடுத்த பொடி எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுங்கள்.

ஞாயிறு ஓட்டக்காரன் | வியாழன், காலை 7.15

தம்பி சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். எனக்கும் ஒரு அனுபவம் இருக்கிறது, மற்றவர்களுக்கு உதவும்.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு காலையில் 21 கிலோமீட்டர் ஓடினேன். மதியம் வீட்டில் ஆட்டுக்கறி. மறுநாள் திங்கள் காலையில் அலுவலகம் ஏற்பாடு செய்த பரிசோதனை. ரிப்போர்ட்டில் சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.5, கல்லீரல் நொதி ஒன்று இரண்டு மடங்கு, சிறுநீரில் புரதம். 41 வயதில் சிறுநீரகமும் கல்லீரலும் போய்விட்டதே என்று ஒரு வாரம் தூங்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "முதல் நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்தீர்களா" என்பதுதான். கல்லீரல் நொதி என்று நான் பயந்தது தசையிலும் இருக்கிறதாம், ஓடிய தசையிலிருந்து வந்தது. பத்து நாள் ஓடாமல், இரவு இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

அதனால் இரண்டு நாள் முன்பிருந்து கடும் வேலை, கறி விருந்து, மது எதுவும் வேண்டாம். உங்கள் அப்பா வெள்ளிக்கிழமை பாவு தூக்குவது மாதிரியான வேலையை விட்டுவிடட்டும். காய்ச்சல், சளி இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

கரூர் மருமகள் | வியாழன், மாலை 4.30

7,000 ரூபாய் எல்லோராலும் முடியாது, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 30 வயது தாண்டிய யாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கருப்பைவாய் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். 2025 ஆகஸ்டு 2-ல் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாமுக்கு என் மாமியாரை அழைத்துப் போனேன். ரத்தம், இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் ஒரே பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தன. ஆதார் அட்டையும் பழைய சீட்டும் எடுத்துப் போங்கள். சீக்கிரம் போனால்தான் வெறும் வயிற்றோடு நிற்கும் நேரம் குறையும்.

சோமனூர் மகள் | வெள்ளி, இரவு 11.20

ஊருக்கு வந்துவிட்டேன். நான் காலையில் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு. வெள்ளிக்கிழமை கொடியைக் கழற்றக் கூடாது என்று வியாழனே மாற்றிவிட்டாராம். வார்டு அக்கா, போனில் உங்கள் யோசனையைச் சொன்னபோது "ம்" என்று மட்டும்தான் சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அக்கா சொன்னபடி இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் எட்டு, ஒன்பது நாள் போகிறதாம். முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக. "அந்த வயசு வந்தா அப்படித்தான் போகும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார். தறிக்கூடத்தில் நூல் சுற்றிவிட்டு எழுந்தால் கண் இருட்டுகிறதாம். பச்சரிசி மெல்லும் பழக்கம் வேறு வந்திருக்கிறது. நான் மாதா மாதம் ஊருக்கு வந்து போகிறேன், ஒரு முறைகூட இதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மாதவிலக்கு முடிந்து 12 நாள் ஆகிறது, அதனால் எல்லாப் பரிசோதனையும் செய்யலாம்.

பையில் பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரைப் பட்டியல், மாத்திரை டப்பா, மிட்டாய், இட்லி, தண்ணீர், அப்பாவின் ஷூ, என் பாட்டி தாத்தாவுக்கு இருந்த நோய்களை எழுதிய தாள். வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | வெள்ளி, இரவு 11.40

ஒரு சால்வை எடுத்துக்கொள் அம்மா. ஸ்கேன் அறையில் குளிரூட்டி அதிகம் இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் இருவரும் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, பேசாமல். படி ஏறி வந்த வேகத்தில் பார்த்தால் கூடத்தான் காட்டும். போய் வா.

சோமனூர் மகள் | செவ்வாய், இரவு 9.15

எல்லா ரிப்போர்ட்டும் நேற்று வந்தது, இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டோம். உங்களிடம் சொல்லாமல் தூங்க முடியாது.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டுமாம். உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகவும் குறைவு. ஸ்கேனில் கருப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி. நான் எழுதிக் கொடுத்த தாளை மருத்துவர் இரண்டு முறை படித்தார். பிறகு அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவோடு பத்து நிமிடம் பேசினார். பச்சரிசி மெல்வதுகூட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாம். இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று, அடுத்த வாரம் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுகிறோம். கருப்பைவாய்ப் பரிசோதனை, மார்பகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

ஒரு குழப்பம். அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 118. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. அது சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று ரிப்போர்ட்டில் சிவப்பில் இருக்கிறது. மருத்துவர் "இப்போது இதைப் பார்க்க வேண்டாம், ரத்தம் ஏறட்டும்" என்றார். எனக்குப் புரியவில்லை.

அப்பாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை 8.2. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, ஆனால் தம்பி சொல்லிச் சேர்த்த சிறுநீர் அல்புமின் 64. முப்பதுக்குள் இருக்க வேண்டுமாம். மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வோம் என்று சொல்லி மருந்தை மாற்றியிருக்கிறார். கண் பரிசோதனை வியாழக்கிழமை.

ஆய்வகத் தம்பி | செவ்வாய், இரவு 10.40

மருத்துவர் சொன்னது மிகச் சரி சகோதரி. அந்தப் பரிசோதனை சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதனால்தான் மூன்று மாதக் கணக்கு. இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் சரியாக உற்பத்தியாகாமல் பழைய அணுக்களின் பங்கு கூடிவிடும், அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். அதனால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 5.7-க்குக் கீழே இருப்பது இயல்பு, 6.5-லிருந்து சர்க்கரை நோய். அம்மாவின் 6.1 இரும்பு ஏறிய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அல்புமின் 64 என்பது ஆரம்ப நிலை. சிறுநீரில் தொற்று இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் ஏறும், அதனால்தான் மறுபடி எடுக்கிறார்கள். உறுதியானாலும் இந்த நிலையில் மருந்து நன்றாக வேலை செய்யும். அப்பா சாப்பிடும் டெல்மிசார்ட்டன் சிறுநீரகத்தையும் காக்கிற வகைதான், அதை விடாமல் போடட்டும். அடுத்த முறையும் அதே ஆய்வகத்தில் எடுங்கள், இயந்திரம் மாறினால் ஒப்பிடுவது சிரமம்.

வார்டு அக்கா | புதன், காலை 6.05

இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போட வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அம்மா பயந்துபோய் நிறுத்திவிடாமல் முன்பே சொல்லிவை. மலச்சிக்கல் வந்தாலோ வயிறு எரிந்தாலோ மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை தருவார். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும், பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சோமனூர் மகள் | புதன், இரவு 8.00

சரி அக்கா, காபி நேரத்தை மாற்றிவிட்டோம். அம்மாவின் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, அதை மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதற்கும் வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

ஆய்வகத் தம்பி | புதன், இரவு 8.25

வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள், ஊசி பயத்துக்கும் அதுதான் நல்லது.